சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்

சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் விண்மீன்களின் இடங்களை இரவுதோறும் அளந்து பட்டியலிட்டவர் ரகுநாதாச்சாரியார். இறுதிவரை உதவியாளராகவே பணிபுரிந்தவர். 1867-இல், ரெட்டிக்யூலம் என்னும் தென்திசை உடுக்கூட்டத்தில் ஒரு மீன் மங்கி ஒளிர்வதைக் கண்டார். அது வெடிப்பன்று, முதிர்ந்த மீன் ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கொரு முறை விம்மித் தணிவதாகும். தலைவர் போக்சன் துரை அக்கண்டுபிடிப்பை உதவியாளர் பெயரிலேயே அறிவித்தார். அலுவலக வழக்கம் அறிந்த நாம் இதனை எளிதில் மறவோம்.

1872-இல் லண்டன் அரச வானவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடக்கவிருந்ததைத் தமிழிலும் பிற மொழிகளிலும் சிறுநூலாக விளக்கினார். வானில் காணும் நிலையோடு பழைய பஞ்சாங்கக் கணக்கு ஒவ்வாமையை எடுத்துக்காட்டித் திருக்கணிதத்தை வற்புறுத்தவே, மரபினர் எதிர்த்தனர். 1880-இல் அவர் மறைந்தார், வழக்கு ஓயவில்லை. நம் காலனியிலேயே ஒரு வீட்டில் வாக்கியம், அடுத்த வீட்டில் திருக்கணிதம்.