மகாராணியாரின் நீலமணிச் சிறுமுடி

விக்டோரியா மகாராணியார் 63 ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டதை நம்மவர் யாவரும் பள்ளிப் பருவத்தே படித்திருப்பர். அவ்வம்மையாரின் இல்வாழ்வு முழுவதோடும் பிணைந்து நின்ற ஒரு சிறு தலையணியின் வரலாற்றைக் கேட்டிருப்பார் மிகச் சிலரே. நம் சங்கத்துக் குடும்பத்தார், சிறப்பாகப் பெண்மக்கள், அதனை அறிதல் நன்றெனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தேன்.

1819ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பிறந்த அவர், 1837இல், தமது 18ஆம் வயதில் அரசுரிமை எய்தினார். மறு ஆண்டில் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. அவ்விழாவிற்கென அவரது சிறுவிரலுக்கு அளவெடுத்து மாணிக்க மோதிரமொன்று செய்திருந்தனர். தலைமைக் குருவானவரோ அதனை அடுத்த விரலில் வலிந்து நுழைத்துவிட்டார். பின்னர்ப் பனிக்கட்டி இட்ட நீரில் கையை ஊறவைத்துப் பெரும்பாடுபட்டே அதனைக் கழற்ற நேர்ந்தது. அளவாகச் செய்த அணியும் இடுவார் அறியாராயின் விலங்காகிவிடும் போலும்!

தம் தாயின் உடன்பிறந்தாருடைய மகனாகிய, நம் வழக்கிற் சொன்னால் மாமன் மகனாகிய, ஆல்பர்ட் இளவரசரை அவர் விரும்பினார். அரசியாரிடம் மணம் பேசும் உரிமை எவர்க்கும் இல்லாமையால், 1839 அக்டோபரில் அவரே தம் கருத்தை இளவரசரிடம் வெளியிட்டார். 1840 பிப்ரவரி 10ஆம் நாள் திருமணம் நடந்தது. அதற்கு முந்தைய நாள், பெரிய நீலக்கல்லைச் சுற்றி வைரம் பதித்த மார்பணி ஒன்றை இளவரசர் அளித்தார். நீலம் எல்லார்க்கும் ஒத்துவராது என்று நம் வீட்டுப் பெரியோர் அஞ்சுவர். அவ்வம்மையாரோ மணநாளிலேயே அதனை அணிந்தார்.

அம்மார்பணிக்கு இணையாக, அவ்வாண்டிலேயே ஒரு சிறுமுடியை இளவரசர் தாமே வரைந்து அமைத்தார். தம் முன்னோராகிய சாக்சனி அரசகுலத்தின் கேடயச் சின்னத்திற் குறுக்கே ஓடும் இலைமாலையின் வடிவை அதில் தழுவினார். ஜோசப் கிச்சிங் என்னும் பொற்கொல்லர் நீலங்களைப் பொன்னிலும் வைரங்களை வெள்ளியிலும் பதித்து அதனைச் செய்தார். விலை 415 பவுன். 1842இல் வின்டர்ஹால்டர் தீட்டிய ஓவியத்தில், மகாராணியார் அதனைப் பின்கொண்டையைச் சுற்றி அணிந்திருக்கக் காணலாம். 1849இல் லாகூரின் சிறுவயது அரசர் துலீப் சிங்கிடமிருந்து கொண்ட கோகினூர் வைரமும் அவர் கைக்கு வந்ததே. எனினும், வலியால் வந்த அதனை அன்பால் வந்த இச்சிறுமுடியோடு வைத்து எண்ண என் மனம் இசையவில்லை.

ஒன்பது மக்களைப் பெற்று வாழ்ந்த அவ்வாழ்வு 1861 டிசம்பர் 14ஆம் நாள் முறிந்தது. இளவரசர் வின்ட்சர் மாளிகையில் காலமானார். இருவர்க்கும் அப்போது வயது 42. மகாராணியார் கருப்புடை பூண்டு ஒதுங்கினார். பாராளுமன்றத் திறப்பு விழாவுக்கும் பல்லாண்டு செல்லவில்லை. குடிகளின் முறுமுறுப்பு வளர்ந்தது.

1866இல் மகள் ஹெலனாவின் திருமணத்திற்குச் சீதனத் தொகை பாராளுமன்றம் வழங்கவேண்டியிருந்தது. தாய் என்னும் கடமை அவரை வெளியே கொணர்ந்தது. பிப்ரவரி 6ஆம் நாள் அவர் சபைக்கு வந்தபோது அரசாடை அரியணைமேல் விரிந்து கிடந்தது. அதனை அவர் உடுத்தவில்லை. அரசுமுடியைச் சூடவுமில்லை. தொடக்கவுரையைப் படித்தவரும் வேறொருவரே. கைம்பெண்ணுக்குரிய துணிக்குல்லாய் தலையில் இருந்தது. அதன்மேல், கணவர் அமைத்துத் தந்த அந்நீலமணிச் சிறுமுடி இருந்தது. கணவன் மாண்டபின் அவன் தந்த அணியைக் களைவதே நம் பெண்டிர்க்கு விதிக்கப்பட்டிருந்த வழக்கம். அதனையே சூடித் துயர் காத்த இவ்வம்மையாரின் செயல், அவ்வழக்கத்தால் நொந்த நம் பாட்டிமாரை எனக்கு நினைவூட்டுகின்றது.

1901 ஜனவரி 22ஆம் நாள் மகாராணியார் மறைந்தார். மணநாளில் அணிந்த முக்காட்டையே அவர்மீது சாத்தினர். சிறுமுடியோ வழித்தோன்றல்களிடம் தங்கியது. பேரர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1922இல் தம் மகள் மேரியின் திருமணத்தின்போது அதனை அவருக்கு அளித்தார். பிற்காலத்தில் அது விலைக்கு வந்து, கடல்கடந்து போகவிருந்த நிலையில், அரசாங்கம் 2016இல் தடுத்து நிறுத்தியது. அப்போது அதன் மதிப்பு 50 இலட்சம் பவுன்! மறு ஆண்டில் செல்வர் இருவரின் கொடையால், அம்மகாராணியார் பெயரும் அவர் கணவர் பெயரும் சேர்ந்து விளங்கும் இலண்டன் பொருட்காட்சிச் சாலையை அது அடைந்தது. 2019 முதல் அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.