ரசம் வைத்த ராமானுஜன்!

வெளிநாட்டு ஊரில் இறங்கியதுமே மொபைலில் வெஜ் ஓட்டல் தேடுவோம் இல்லையா? கணித மேதை ராமானுஜனுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர், சுத்த சைவம். டிரினிட்டி கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல், ரூமிலேயே தானே சமைத்தார். அதே வருஷம் முதல் உலகப்போர் வந்தது. நல்ல காய்கறி கிடைப்பதே கஷ்டமாச்சு.

ஒருமுறை நண்பர் சாட்டர்ஜியையும், அவருக்கு நிச்சயமான பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் இரண்டு முறை பரிமாறியாச்சு. மூன்றாவது முறை அந்தப் பெண் போதும்னு சொல்ல, மனசு நொந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை! சில நாள் கழித்து, 5 பவுண்டு பணம் கேட்டு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது.

1917-ல் உடம்பு படுத்தியது. காசநோய் என்று கருதி, கிராமப்புற சானடோரியங்களில் சேர்த்தார்கள். அதில் மெண்டிப் மலையில் இருந்ததை நடத்தியவர், இந்திய டாக்டரான சௌரிமுத்து. போன இடத்திலெல்லாம் சாப்பாடுதான் பிரச்னை. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தார். வயது 32.

1928-ல் அதே சௌரிமுத்துதான் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அடுத்த முறை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ட்ரெயின் நிற்கும்போது, அந்த மூன்றாவது கரண்டி ரசத்தை நினைச்சுக்கோங்க!