ஹாஜியா பாத்திமா அம்மையார்

ஜொகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து சரக்கெடுக்கச் செல்லும் நம் வியாபார சகோதரர்களில் பலர், சிங்கப்பூர் பீச் ரோட்டில் மினாரா சற்றுச் சாய்ந்து நிற்கும் பள்ளிவாசலில் லுஹர் தொழுதிருப்பார்கள். அந்தப் பள்ளியைக் கட்டியவர் ஒரு பெண்மணி, அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரி என்பதை நம்மில் சிலரே அறிவோம்.

ஹாஜியா பாத்திமா பின்த் சுலைமான் மலாக்காவில் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். செலிபிஸ் தீவின் கோவா நாட்டைச் சேர்ந்த பூகிஸ் இளவரசர் ஒருவரை மணந்தார். கணவருக்குச் சிங்கப்பூரில் வியாபாரம் இருந்தது. அவர் இளவயதிலேயே காலமாகிவிட்டார். கணவரை இழந்த பெண், கடல் வியாபாரம், சுற்றிலும் போட்டி. இந்த நிலையில் விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மையாரோ கணக்கைத் தாமே கையிலெடுத்தார். கப்பல்களும் பிராகுப் படகுகளும் வைத்து நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தார்.

செல்வம் இருக்குமிடத்தில் கள்வரும் வருவர். அவருடைய வீட்டில் இருமுறை கொள்ளை நடந்தது. இரண்டாம் முறை வீட்டுக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். அல்லாஹ்வின் கிருபையால் அம்மையாருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. உயிர் தப்பியதற்கு ஷுக்ராக, வீடிருந்த நிலத்தையே பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். கட்டுவதற்குப் பணமும் தந்தார். 1846-ல் பள்ளி எழுந்தது. ஏழைகள் தங்க வீடுகளும் கட்டிக் கொடுத்தார். 1973-ல் சிங்கப்பூர் அரசாங்கம் அப்பள்ளியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அம்மையாரின் மகள் ராஜா சித்தியை மணந்தவர் அரபு வர்த்தகக் குடும்பத்தின் செய்யிது அஹ்மது அல்சகாப். அவர்கள் மகன் செய்யிது முஹம்மது. இந்தப் பேரருக்கும் நம் ஜொகூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1878-ல் மகாராஜா அபூபக்கர் குக்குப் பகுதியில் பெரிய நிலத்தை அவருக்கு அளித்தார். அங்கே அவர் தோட்டங்கள் அமைத்துத் தமக்கென நாணயத் தாள்களும் வெளியிட்டார். 1906-ல் அவர் காலமான பின், அவர் விட்டுச்சென்ற வக்பு நிதியால் 1912-ல் அல்சகாப் மதரஸா ஏற்பட்டது. இன்று அதில் ஓதுவோர் பெண் பிள்ளைகள். உம்மம்மா காட்டிய தர்மத்தின் வழி பேரரிடமும் தொடர்ந்ததாகவே நாம் கருதுகிறோம்.

அம்மையார் 98 வயது வரை வாழ்ந்ததாகச் சொல்வார்கள். மகளுடனும் மருமகனுடனும் அந்தப் பள்ளியின் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்.

சகோதரர்களே! நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் கடைக் கணக்கை வீட்டுப் பெண்களுக்குக் காட்டியிருக்கிறோம்? கடைக்காரர் மவுத்தானால், வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரிவதில்லை. சில மாதங்களில் கடை பிறர் கைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களும் வியாபாரம் செய்தவர்களே. ஆகையால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாத்திமா அம்மையாருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அதனால் கணவருக்குப் பின்னும் வியாபாரம் நின்றது, பள்ளிவாசல் எழுந்தது, ஏழைகளுக்கு வீடு கிடைத்தது. அடுத்த முறை அப்பள்ளியில் தொழும்போது அவருக்காக ஒரு பாத்திஹா ஓதுவோம். வீடு திரும்பியதும் பேரேட்டை மனைவி மக்கள் முன் விரித்து வைப்போம்.