கணிதப் பேரறிஞர் ஆய்லர்

சுவிட்சர்லாந்து நாட்டில், ரைன் ஆற்றங்கரையில், பேசல் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் லியோனார்டு ஆய்லர் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறித்தவ சமய குரு. மைந்தரும் அத்தொண்டையே மேற்கொள்ள வேண்டுமென விரும்பினார். ஆயின், இளைஞரின் கணிதத் திறத்தைக் கண்ட யோகான் பெர்னூலி என்னும் பேராசிரியர் தந்தையாரிடம் பரிந்து பேசி, அவர் மனத்தை மாற்றினார். 1727இல் ஆய்லர் உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க் நகரை அடைந்து, அங்குள்ள அறிவியற் கழகத்தில் பணியேற்றார்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். எண் பெரிதாகப் பெரிதாக, அது பகா எண்ணா அன்றா எனத் துணிதல் அரிது. பிரான்சு நாட்டுப் பேரறிஞரான ஃபெர்மாவே 4,29,49,67,297 என்பதைப் பகா எண் என நம்பியிருந்தார். அவர் மறைந்து அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1732இல், அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடுவதை ஆய்லர் காட்டினார், ஈவு 67,00,417. அவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64ஆல் வகுக்க 1 மீதி தருவதாகவே இருக்கும் என்பதையும் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்களுள் 193, 257, 449, 577 ஆகியவற்றைக் கடந்தால், ஐந்தாவதாக 641 வந்து நிற்கும்!

1738ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கண் ஒளி இழந்தது. இடையே பெர்லினில் பணிபுரிந்து, 1766இல் பீட்டர்சுபர்க் திரும்பியபின் மற்றக் கண்ணும் மங்கலாயிற்று. 1771இல் செய்த அறுவை மருத்துவம் சிறிது காலமே பயன் தந்தது. பின்னர் முற்றும் இருள் சூழ்ந்தது. அதே ஆண்டில் அவர் இல்லமும் தீக்கிரையாயிற்று. எனினும் அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. மனத்திலேயே கணக்கிட்டு அவர் உரைக்க, மைந்தரும் மாணவரும் எழுதிக்கொண்டனர்.

1772இல், அவ்விருளில் இருந்தே, 2,14,74,83,647 பகா எண் என அவர் அறிவித்தார். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. இதனைத் துணிய 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. கண்ணுடையாரும் சலிக்கும் வேலை அது! ஆய்லரோ, வகுக்கும் பகா எண் ஒன்று உண்டாயின், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் என ஆராய்ந்து கண்டார். அவ்வகைப் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவே. அவற்றுள் ஒன்றும் அவ்வெண்ணை வகுக்கவில்லை.

இப்பகா எண்ணால் மற்றொரு பயனும் விளைந்தது. 6 என்னும் எண் தன் வகுத்திகளான 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம். இத்தகையதை நிறைவெண் என்பர். 28ம் அவ்வாறே. ஆய்லரின் பகா எண்ணை முப்பது இரண்டுகளால் பெருக்க, 2305843008139952128 என்னும் பத்தொன்பது இலக்க நிறைவெண் கிடைத்தது.

1783 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் பீட்டர்சுபர்க்கில் உயிர் நீத்தார். அன்றும் புதிய கோளாகிய யுரேனசின் பாதையைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அக்கழகம் மேலும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அச்சிட்டு வந்தது.