வீட்டுக்குள் கடலைக் கொண்டு வந்தவர்... கடற்கரை காலியானதைப் பார்த்து கலங்கியது ஏன்? பிலிப் ஹென்றி காஸின் கதை

வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர் தொட்டி. நீல வெளிச்சத்துல பச்சைப் புல்வெளி மாதிரி அசையும் ஸ்டார் பாலிப், குடை விரிச்ச மாதிரி நிற்கும் லெதர் கோரல், பாறையில ஒட்டிக்கிட்டு மினுங்கும் மஷ்ரூம் கோரல். வீடியோவில் பார்க்கும்போது ரொம்ப ஈஸியா தெரியும். ஆனா வாங்கிட்டு வந்த ரெண்டாவது வாரமே பவளம் சுருங்கிப் போச்சு, நிறம் மங்கிப் போச்சுன்னு கவலைப்படுறவங்கதான் அதிகம்.

இந்தக் கவலை புதுசு இல்லை. சுமார் 170 வருஷத்துக்கு முன்னாடி, எல்இடி லைட்டும் மோட்டாரும் இல்லாத காலத்தில், இங்கிலாந்தில் ஒருத்தர் இதே போராட்டத்தை நடத்தினார். அதில் ஜெயிச்சார். அந்த வெற்றியே கடைசியில் அவர் மனசை உறுத்துற விஷயமாவும் மாறிடுச்சு. அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ்.

யார் இந்த காஸ்?

1810 ஏப்ரல் 6-ம் தேதி இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர் காஸ். அப்பா ஊர் ஊராகப் போய் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். வீட்டில் பணம் இல்லை. கடலோர ஊரான பூல் நகரில் வளர்ந்த காஸ், 17 வயதில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு கணக்கு எழுதும் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

அங்கே 1832-ல் மைக்ராஸ்கோப் பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதோடு பூச்சிகளைச் சேகரிக்கிற பழக்கமும் தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகம், பட்டம் எதுவும் இல்லை. பார்த்ததை எழுதி வைப்பது, அப்பாவிடம் இருந்து வந்த கைப்பழக்கத்தில் வரைந்து வைப்பது, இவ்வளவுதான் அவருடைய படிப்பு.

கனடாவில் விவசாயம் பண்ணிப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் வாத்தியாராக இருந்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1839-ல் ஊர் திரும்பினார். 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கி, அந்தத் தீவின் பறவைகளைப் பற்றி எழுதிய புத்தகம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1848-ல் எமிலி போவ்ஸைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

உடம்பு சரியில்லாம போனதுதான் திருப்பம்

ராத்திரி பகலா எழுதி எழுதி காஸின் உடம்பு கெட்டுப் போனது. கடல் காற்று வாங்கினால் சரியாகும் என்று 1852 தொடக்கத்தில் டெவன் மாவட்டக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார். ஓய்வெடுக்கத்தான் போனார். ஆனா அலை இறங்கும் நேரம் பாறைகளுக்கு நடுவில் தேங்கி நிற்கும் குட்டைகளைப் பார்த்ததும் மனுஷனுக்கு ஓய்வு மறந்து போச்சு.

அந்தக் குட்டைகளில் பூ மாதிரி விரிந்து கிடந்தன கடல் சாமந்திகள். பவளங்களுக்கு நெருங்கிய சொந்தம் இவை. இல்ஃபிராகூம்ப் என்ற ஊரின் பாறைகளில் சிவப்பும் தங்க மஞ்சளும் கலந்த ஒரு குட்டிப் பவளத்தை காஸ் கண்டுபிடித்தார். பாலனோஃபில்லியா ரீஜியா என்ற அதன் அறிவியல் பெயர் அவர் வைத்ததுதான்.

பார்த்ததோடு விட மனசு வரவில்லை. கண்ணாடித் தொட்டியில் வைத்து, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆசைப்பட்டார்.

தண்ணிதான் பெரிய பிரச்சினை

கடல் உயிரை ஜாடியில் போட்டு வச்சா என்ன ஆகும்? ரெண்டு மூணு நாளில் தண்ணி நாற்றமெடுக்கும், உயிர் செத்துப்போகும். காரணம், ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கழிவும் சேர்ந்துவிடும்.

இதற்கு ஒரு வழியை காஸுக்கு முன்பே ஒரு பெண் கண்டுபிடித்திருந்தார். அவர் பெயர் அன்னா தின். 1846-ல் டார்க்கி கடற்கரையில் இருந்து கல் பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டு வந்தார். திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு, டீ ஆத்துற மாதிரி, அரை மணி நேரத்துக்கும் மேல் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்தது வீட்டுப் பணிப்பெண். இன்னைக்கு தொட்டியில் ஓடுற ஏர் பம்ப் செய்யும் வேலையை அன்னைக்கு ஒரு பெண்ணின் கை செய்தது. அடுத்த ஆண்டு தின் தன் தொட்டியில் கடல்பாசியையும் சேர்த்துக்கொண்டார்.

காஸும் பாசி வழியையே பிடித்தார். தாவரம் ஆக்சிஜனை விடும், விலங்கு விடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்ளும். ரெண்டும் சமமாக இருந்தால் தண்ணியை அடிக்கடி மாற்ற வேண்டாம். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-ல் நன்னீர் மீன்களை வைத்து இதே கணக்கைக் காட்டியிருந்தார். கடல்நீரில் இதைச் சாதித்துக் காட்டி, சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுதியவர் காஸ்.

லண்டன்வாசிகளுக்குக் கடல்நீருக்கு எங்கே போவது? அதற்கும் 1854-ல் வழி சொன்னார். கடல்நீரின் வேதியியல் பகுப்பாய்வைப் பார்த்து, சமையல் உப்பு உட்பட 4 உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். முதலில் பாசியை மட்டும் விட்டு, தண்ணீர் பக்குவப்பட்ட பிறகே விலங்குகளை விட்டார்.

இன்றைய தொட்டிக்கும் இதுதான் முதல் பாடம். சாஃப்ட் கோரல் வளர்க்கப் போறவங்க கவனிக்க வேண்டியவை:

* பவளம் வாங்கும் முன் தொட்டியைக் குறைந்தது 4 முதல் 6 வாரம் ஓடவிடணும். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர அவ்வளவு நாள் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே பவளத்தை விடலாம்.
* குழாய்த் தண்ணி வேண்டாம். ஆர்ஓ முறையில் சுத்தம் செய்த தண்ணீரில் கடல் உப்புக் கலவையைச் சேர்க்கணும். உப்பு அடர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸிலும் இருக்கட்டும்.
* ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்பணும், உப்புத் தண்ணீரால் இல்லை.
* வாரம் 10 சதவீதம் தண்ணீரை மாற்றினால் போதும். ஒரே நாளில் எல்லாத்தையும் மாற்றுவதுதான் ஆபத்து.

நிறம் எங்கே இருந்து வருது?

காஸ் வளர்த்தது குளிர்ந்த கடலின் உயிர்கள். அவர் கண்டுபிடித்த அந்தச் சிவப்புப் பவளத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. இரையைப் பிடித்துத் தின்றே உயிர் வாழும். பிரிட்டன் கடலில் உள்ள சாஃப்ட் கோரலான செத்தவன் விரல் என்ற பவளமும் அப்படித்தான்.

இன்னைக்கு நாம தொட்டியில் வைக்கும் வெப்பமண்டல சாஃப்ட் கோரல் வேற மாதிரி. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி செல்கள் குடியிருக்கும். வெளிச்சத்தை வைத்து அவை உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். காஸின் கடைசிக் காலத்தில்தான் விஞ்ஞானிகள் இந்தப் பாசிகளுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று காப்பாற்றும் என்று காஸ் தொட்டியில் காட்டிய அதே கூட்டணி, இங்கே ஒரே உடம்புக்குள் நடக்குது.

இது புரிஞ்சா நிறப் பிரச்சினையும் புரிஞ்சிடும். திடீரென்று அதிக வெளிச்சம் பட்டாலோ, தண்ணீர் சூடானாலோ பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளுத்துப்போகும். வெளிச்சம் குறைந்தாலோ, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினாலோ உள்ளே பாசி பெருகி பவளம் பழுப்பாகும். அதற்காக ரெண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டு போகவும் கூடாது. சாஃப்ட் கோரலுக்குக் கொஞ்சம் ஊட்டம் தேவை.

அதனால புதுப் பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றணும். லெதர் கோரல் சில நாள் மூடிக்கிட்டு, மெழுகு போல ஒரு தோலை உரிக்கும். அது நோய் இல்லை. நீரோட்டம் கொஞ்சம் பட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும்.

லண்டனைப் பிடித்த தொட்டி மோகம்

1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தார்கள். அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். அடுத்த ஆண்டு தி அக்வாரியம் என்ற அவருடைய புத்தகம் வந்தது. வண்ணப் படங்கள் அவர் கையால் வரைந்தவை. வாயில் நுழையாத பழைய பெயர்கள் போய், வீட்டுத் தொட்டிக்கு அக்வாரியம் என்ற பெயர் நிலைத்தது இந்தப் புத்தகத்தால்தான்.

நேரமும் கூடி வந்தது. 1845-ல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி விலை குறைந்திருந்தது. ரயில் வந்ததால் கடற்கரைக்குப் போவது சுலபமாகியிருந்தது. நடுத்தர வீடுகளின் வரவேற்பறையில் கடல்நீர் தொட்டி வைப்பது அந்தஸ்தாக மாறியது. எந்தக் கரையில் எந்த உயிர் கிடைக்கும், பாறையோடு சேர்த்து உளியால் எப்படிப் பெயர்த்தெடுப்பது என்பதையெல்லாம் காஸின் புத்தகங்களே சொல்லிக் கொடுத்தன.

அடுத்தடுத்து விழுந்த அடி

1856-ல் பட்டம் எதுவும் இல்லாத காஸை ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1857 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

அதே ஆண்டில் காஸ் ஓம்ஃபலோஸ் என்ற புத்தகத்தை வெளியிட்டார். பாறைகள் சொல்லும் பூமியின் வயதையும் பைபிளின் படைப்புக் கதையையும் சேர்த்து வைக்கப் பார்த்த முயற்சி அது. பூமி படைக்கப்படும்போதே பழைய தடயங்களோடு படைக்கப்பட்டது என்று வாதாடினார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மதவாதிகளும் ஏற்கவில்லை.

மனைவியும் இல்லை, மரியாதையும் போச்சு. 8 வயது மகனைக் கூட்டிக்கொண்டு டெவனின் செயின்ட் மேரிசர்ச் ஊரில் குடியேறினார். மறுபடியும் அதே பாறைக் குட்டைகள். தண்ணீரில் இறங்கித் தேடுவார், பக்கத்திலேயே சின்னப் பையன் நிற்பான். 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய பெரிய நூல், பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் முழுமையாகப் பதிவு செய்தது.

கரை காலியானது

1860-களில் தொட்டி மோகம் அடங்கிப்போச்சு. பராமரிக்கத் தெரியாமல் உயிர்கள் செத்தன, தொட்டிகள் பரணுக்குப் போயின. ஆனா அதற்குள் டெவன் கரைகளில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு வந்த கூட்டம் குட்டைகளைத் துடைத்தெடுத்தது போல் ஆக்கிவிட்டது.

எட்மண்ட் வளர்ந்து பெரிய எழுத்தாளர் ஆனார். 1907-ல் அவர் எழுதிய தந்தையும் மகனும் என்ற நூலில் இந்த அழிவைப் பதிவு செய்திருக்கிறார். சின்ன வயதில் தான் பார்த்த அழகு இனி யாருக்கும் கிடைக்காது என்று வருந்துகிறார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் தன் புத்தகங்கள் இதற்குக் காரணமாகிவிட்டதை அப்பா உணர்ந்திருந்தார், அது அவரை மிகவும் வருத்தியது என்றும் சொல்கிறார்.

காஸ் 1860-ல் எலைசா பிரைட்வெனை மறுமணம் செய்தார். கடைசிக் காலம் வரை மைக்ராஸ்கோப்பை விடவில்லை. 1888 ஆகஸ்ட் 23-ம் தேதி, 78 வயதில் காலமானார்.

இன்னைக்கு நமக்கு என்ன?

காஸ் காலத்தில் கரையில் இருந்து பெயர்த்து எடுப்பதுதான் பெரும்பாலும் வழி. இன்னைக்கு அப்படி இல்லை. ஸ்டார் பாலிப், மஷ்ரூம், லெதர், சீனியா எல்லாமே தொட்டியிலேயே பெருகும். ஒரு துண்டை வெட்டி சின்னக் கல்லில் ஒட்டினால் புதுப் பவளம் ரெடி. அதனால வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. இது பண்ணையில் வளர்ந்ததா, கடலில் எடுத்ததா என்பதுதான்.

இந்தியாவில் பாறை உருவாக்கும் பவளங்களும் கடல் விசிறிகளும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலில் இருந்து எடுத்தால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆரம்ப நிலையில் பலரும் வாங்கும் ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் கொடிய விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீங்க, வெந்நீர் ஊற்றிப் பாறையைக் கழுவாதீங்க.

முதல் பவளமாக ஒரே ஒரு மஷ்ரூம் போதும். அது விரிந்து நிறம் பிடிக்கும் வரை ரெண்டாவது வேண்டாம். அது நல்லா வளர்ந்து குட்டி போட்டா, அதில் ஒண்ணை பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்க. கடல்ல இருந்து ஒண்ணு எடுக்கிறது அப்படித்தான் குறையும்.