ஆர்னால்டு ஷோன்பெர்க்

பழமையை உடைப்பவர் பழமையை அறியாதவர் என்பது பொதுஜனங்களிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் தவறென்பதற்கு, ஐரோப்பிய ஸங்கீத உலகத்தில் பெருங் கலகம் விளைவித்த ஆர்னால்டு ஷோன்பெர்க்கின் சரித்திரமே போதிய சாக்ஷியாகும். எத்துறையிலேனும் மாறுதலை விரும்பி உழைப்போர் இவருடைய வாழ்க்கையை ஒரு முறை சிந்தித்துப் பார்ப்பது நலமென்று கருதுகிறோம்.

1874-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி, வியன்னா நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் இவர் பிறந்தார். தந்தை பாதரக்ஷைக் கடை வைத்திருந்த எளிய வியாபாரி. அவர் காலஞ்சென்றபோது மகனுக்கு வயது 15. படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பாங்கியில் குமாஸ்தாவாக அமர வேண்டியதாயிற்று. ஸங்கீதக் கலாசாலை எதிலும் இவர் மாணவராக இருந்ததில்லை. வயலின் சிறு வயதிலேயே கற்றார். மற்றவற்றைப் பெரும்பாலும் தாமே பயின்றார். ஸெம்லின்ஸ்கி என்ற நண்பரிடம் சில காலம் பாடங் கேட்டதே இவருக்குக் கிடைத்த குருகுலவாசம்.

ஐரோப்பிய ஸங்கீதத்தில் ஒவ்வோர் உருப்படியும் ஒரு ஸ்வரத்தை வீடாகக் கொண்டு புறப்பட்டு, அதனிடமே திரும்பி வந்து முடிவது நெடுங்கால மரபு. 1908-ம் வருஷம் முதல் ஷோன்பெர்க் அந்த ஆதாரத்தை விட்டு நீங்கத் துணிந்தார். 1913-ம் வருஷம் பிப்ரவரி மாதம், இவர் பழைய முறையில் தொடங்கியிருந்த குர்ரே கீதங்கள் வியன்னாவில் அரங்கேறின. ஜனங்கள் ஆரவாரித்தனர், இவரோ வாத்தியக்காரர்களை வணங்கினாரேயன்றிச் சபையோரை வணங்கவில்லை. ஐந்து வாரங் கழித்து, மார்ச் 31-ந் தேதி, தம்முடையனவும் தம் மாணாக்கருடையனவுமான புதிய உருப்படிகளை அதே நகரில் நடத்திவைத்தார். கூச்சல் மிகுந்து, கைகலப்பாகி, கச்சேரி நடுவிலே நின்றுபோயிற்று.

இவர் சளைக்கவில்லை. 1918-ல் ஒரு ஸங்கம் அமைத்து, புதிய ஸங்கீதத்தை நன்றாக ஒத்திகை பார்த்து அங்கத்தினருக்கு மட்டும் வாசித்துக் காட்டச் செய்தார். அங்கே கைதட்டலும் கூடாது. பத்திரிகை விமரிசகருக்கு இடமுமில்லை. பின்னர் 1921 முதல் 1923 வரையில், தமது பன்னிரு ஸ்வர முறையை வகுத்தார். ஒரு ஸ்தாயியிலுள்ள 12 ஸ்வரஸ்தானங்களுள் எதுவும் மற்றொன்றுக்குத் தலைமையன்று. பன்னிரண்டையும் ஒரு வரிசையாக நிறுத்தி, அவ்வரிசையை நேராகவும், பின்னிருந்து முன்னாகவும், ஏற்றத்தை இறக்கமாக மாற்றியும் கையாண்டு உருப்படியை எழுப்புவதே அம்முறை. இது செவிக்கு இனிதா என்பதில் அபிப்பிராய பேதம் இன்றும் தீரவில்லை. நாம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற முன்வரவில்லை.

நாம் வியப்பது இவர் ஆசிரியராக நடந்துகொண்ட விதத்தையே. 1904-ல் ஆல்பன் பெர்க், அன்டன் வெபர்ன் என்னும் இளைஞர் இவரிடம் வந்து சேர்ந்தனர். பணமில்லாத பெர்க்குக்கு முதலிற் சம்பளமின்றியே கற்பித்தார். 1911-ல் வெளியிட்ட ஸ்வரச் சேர்க்கை நூலைத் தம் மாணாக்கரிடமிருந்தே கற்றதாக அதன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டார். புரட்சிக்காரரென்று பெயரெடுத்த இவர், வகுப்பில் போதித்தவை பாக், மொஸார்ட், பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் உருப்படிகளே. தமது புது முறையை எவர்மீதும் சுமத்தவில்லை. ஆதலால் அவருடைய சீடர் இருவரும் ஒருவரைப்போல் ஒருவர் இராமல், தத்தம் வழியிற் புகழ் பெற்றனர்.

1925-ல் பெர்லின் கலைக்கழகம் இவரை ஆசிரியராக அழைத்தது. 1933-ல் நாஜிக் கட்சியார் அதிகாரத்தைக் கைப்பற்றியதும், யூதருக்கு அக்கழகத்தில் இடமில்லையென்று ஆயிற்று. இளமையிற் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியிருந்த ஷோன்பெர்க், பாரிஸுக்குச் சென்று, ஜூலை மாதத்தில் யூத மதத்துக்கே திரும்பினார். தம் ஜனங்கள் துன்புறுங் காலத்தில் அவர்களோடு நிற்பதே தர்மமென்று அவர் கொண்டதை எவர் பாராட்டாதிருப்பர்?

அவ்வருஷமே அமெரிக்கா சேர்ந்து, 1936 முதல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையிற் போதித்தார். பிற்காலத்தில் பெயர் பெற்ற ஜான் கேஜ் இவரிடம் பணமின்றிப் பாடங் கேட்டவர். 70 வயதில் ஓய்வு பெற்றபோது, மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் மாதம் 40 டாலருக்கும் குறைவு. மோசேயும் ஆரோனும் என்ற இசை நாடகத்தை முடிக்க ஓர் அறநிதியை வேண்டினார், மறுக்கப்பட்டார். அது முற்றுப்பெறவேயில்லை. தனிப்பட்டோருக்குப் பாடஞ் சொல்லியே காலங் கழித்து, 1951-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி உயிர் நீத்தார். யூதர் பட்ட கொடுமையைக் கூறும் வார்ஸாவில் தப்பியவன் என்ற உருப்படி, அவர் 1947-ல் இயற்றியது.

1974-ல் வியன்னா நகரம் இவருடைய அஸ்தியை வருவித்து, மரியாதைக்குரியோர் துயிலும் மயானத்தில் அடக்கஞ் செய்தது. பிறந்து நூறாண்டு கழித்துச் செய்த அம்மரியாதையிற் பாதியை உயிரோடிருக்கையிற் செய்திருந்தால், ஒரு பெரு நூல் முற்றுப்பெற்றிருக்கும். நம்மிடையே புதுமை செய்வோரை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர்களைப் பட்டினி போடுவதும், கூச்சலிட்டு வாயடைப்பதும் எந்த ஸமூகத்துக்கும் அழகல்ல.