வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் வாணிகச் சொல்வன்மையும்

தோணிரேவிலும் அதனைச் சூழ்ந்த ஏரிக்கரைக் குப்பங்களிலும் வாழும் நம்மவர்க்குக் குரல் இல்லையென்று எவரும் கூறார். எதிர்காற்றில் ஒரு தோணியினின்று மறு தோணிக்குக் கூவி உரைப்பவர் நாம். ஆயினும் அக்குரல் கரையேறி, இறால் எடுக்கும் வியாபாரியின் தராசுக்கு முன்னரோ, பாங்கு அதிகாரியின் மேசைக்கு முன்னரோ நிற்குங்கால் தொண்டைக்குள் ஒடுங்கிவிடுகின்றது.

சில திங்களுக்கு முன் நம் இளைஞர் ஒருவர் ஐஸ் பெட்டிகள் வாங்கக் கடன் கேட்கச் சென்றார். துணையாக யாமும் சென்றிருந்தோம். எத்திங்களில் எவ்வளவு இறால் படும், வெயிலில் எவ்வளவு கெடும், ஐஸ் இருப்பின் எவ்வளவு மிஞ்சும் என்பவற்றை வழிநெடுக விரல்விட்டு எண்ணிக் காட்டியவர், அதிகாரி வினவியபொழுது, தாங்கள் பார்த்துச் செய்யவேண்டும் என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாள்தோறும் வகுப்பிற் பேசியே பிழைக்கும் யாமும் அவ்விடத்து வாய் திறந்தோமில்லை. கடன் கிடைத்திலது. திரும்பி வரும் வழியில் எம் நினைவில் தோன்றியவர் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். செக்கிழுத்த தேசபக்தர் என அவர்களை நாடறியும். ஊர் ஊராய்ப் பேசிப் பங்கு விற்றுக் கப்பற் கம்பெனி கண்ட வணிகர் என்ற அளவில் அறிந்து போற்றுவோர் சிலரே. அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார்கள். தமிழெழுத்தறிவித்தவர் வீரப்பெருமாள் அண்ணாவியார். பாட்டியார் சிவன் கதைகளையும், பாட்டனார் இராமாயணக் கதைகளையும் இளமையிலேயே சொல்லி வளர்த்தனர். பிற்காலத்து மேடையில் அவர்கள் நாவில் தமிழ் தடையின்றி ஓடியதற்கு இக்கதை கேட்ட செவியும் ஒரு காரணம் ஆகுமென்பது எம் கருத்து. நம் வீடுகளில் இன்று கதை சொல்லும் பாட்டிமார் எத்துணைப்பேர் உளர் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க. தந்தையார் வக்கீல்; மைந்தரும் 1894-இல் அத்தேர்விற் றேறி, ஒட்டப்பிடாரத்திலும், 1900-ஆம் ஆண்டுமுதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார்கள். எதிர்த்தரப்பார் கூற்றை முழுதும் கேட்டுப் பின்னர் விடையிறுக்கும் பழக்கத்தை நீதிமன்றம் கற்பித்திருக்கும்.

நிற்க. அக்காலத்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் கையில் இருந்தது. பிள்ளையவர்கள் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்வித்தார்கள். தலைவராய் அமர்ந்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள். தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் கைகொடுத்தது என்பதில் எம்போன்ற தமிழாசிரியர்க்குச் சிறிது செருக்கு உண்டு.

மூலதனம் 10 லட்ச ரூபாய் என வகுத்து, அதனைப் பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகளாகப் பிரித்தனர். இவ்விடத்து வாசகர் சற்று நின்று நோக்கல் வேண்டும். பங்கொன்று ஆயிரம் ரூபாயாயின், செல்வர் சிலர் வீட்டுக்குச் சென்று தாழ்ந்து பேசினாற் போதும். கூட்டம் கூட்டிப் பேசுதல் வேண்டா. 25 ரூபாயென வைத்தமையாற் சிறு வணிகர்க்கும் விளங்குமாறு உரைக்கவேண்டியதாயிற்று. யாது செய்யப் போகின்றோம், எவ்வளவு பணம் வேண்டும், அதில் நும் பங்கு யாது என்னும் மூன்றினையும் கேட்பவன் மறவாதவாறு உரைத்தாலன்றி 25 ரூபாய் மடியினின்று வெளிவாராது. கம்பெனியின் நோக்கங்களையும் அச்சிட்டு வெளிப்படுத்தினர். கப்பலோட்டுதலன்றி, நம் நாட்டார்க்குக் கப்பற்றொழிலிற் பயிற்சி தருதலும், கப்பல் கட்டும் துறை அமைத்தலும் அவற்றுள் அடங்கும். எழுத்தில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாகச் சொல்லாது, அச்சிட்டதையே விரித்துரைப்பவர்க்கு நம்பிக்கை எளிதிற் பிறக்கும். இசுலாமிய வணிகர் ஒருவர் மட்டுமே 8,000 பங்குகளை 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினர்.

தொடக்கத்திற் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா கம்பெனியாரிடம் வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். எதிரிக் கம்பெனியாரின் நெருக்குதலால் அவர்கள் கப்பலை மீட்டுக்கொண்டனர். பங்கு வாங்கினோர் மனம் கலங்கியிருக்கும் வேளை அது. பிள்ளையவர்கள் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு வருவித்து இடைவெளியை அடைத்துவிட்டு, கப்பலோடன்றித் திரும்பேன் எனச் சூளுரைத்து வடநாடு சென்றார்கள். மனைவியார் கருவுற்றிருந்தார், மகனோ நோயுற்றிருந்தான். 1907-ஆம் ஆண்டிற் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடி வந்தடைந்தன. கட்டணப் போர் மூண்டது. எதிரிக் கம்பெனி கட்டணத்தை இறக்கி இறக்கி, ஈற்றில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் இனாமாக வழங்கிற்று என்பர். சொல்லால் வந்த மூலதனம் பெரிது. ஆயினும் இலவசக் கப்பலோடு போட்டியிடச் சொல் மட்டும் போதாது என்பதை மறைத்தற்கில்லை.

1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர், பிப்ரவரி 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவா அவர்களும் கூட்டங்களில் அவர்க்காகப் பேசினர். கோரியவை மூன்றே: கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறை வசதி. குறைகள் நூறு இருந்திருக்கும். நூறையும் ஒருங்கே கொட்டாது மூன்றாகச் சுருக்கி நிறுத்தினமையால், நிருவாகத்தார்க்கு நழுவ இடமில்லாது போயிற்று. ஏறக்குறைய பத்து நாளில் தொழிலாளர் வென்று வேலைக்குத் திரும்பினர்.

அதே நாவே சிறைக்கும் வழியாயிற்று. மார்ச்சு 12-ஆம் நாள் பிள்ளையவர்கள் கைதாயினார்கள். அவர்தம் பேச்சுக்களைப் போலீசார் எழுதிய குறிப்புகள் வழக்கிற் சான்றாக வைக்கப்பெற்றன. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பெற்றன. கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்த கொடுமையை விரிக்க எம் எழுதுகோல் எழவில்லை.

கம்பெனி யாதாயிற்று? 1911-இற் கலைக்கப்பெற்றது. அரசாங்கத்தின் பகைமையும் கட்டணப் போரின் நட்டமும் காரணங்கள் என்பது உண்மை. யாம் இன்னொன்றும் கருதுகின்றோம். பங்கு வாங்கினோரை ஒருங்கே பிடித்துவைத்தது ஒரே குரல். அக்குரல் சிறைக்குட் சென்றபின், கணக்கை எடுத்துரைத்து அவர்தம் கலக்கத்தைத் தீர்க்க அவ்வன்மையுடைய பிறிதொரு குரல் எழவில்லை. நம் சங்கத்திலும் ஆண்டுதோறும் வரவு செலவு படிப்பவர் ஒருவரே என்பதனை இவ்விடத்து நினையாதிருக்க இயலவில்லை.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் பிள்ளையவர்கள் விடுதலை பெற்றார்கள். பிழைப்புக்குச் சென்னையிற் சிறுகடையும் நடத்தினார்கள். ஆயிரமாயிரமாய்ப் பங்கு விற்றவர் சில்லறை வாணிகம் செய்தார்கள்! வறுமையிலும் திருக்குறள் மணக்குடவருரையை 1917-இல் பதிப்பித்ததனைத் தமிழுலகம் மறவாது. பின்னர் வக்கீல் உரிமை மீண்டும் பெற்றுக் கோயிற்பட்டியிலும், ஈற்றில் தூத்துக்குடியிலும் வாழ்ந்து, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்கள். 2011-இல் அவ்வூர்த் துறைமுகத்துக்கு அவர்கள் பெயர் சூட்டப்பெற்றது.

மேற்கூறிய இளைஞர் மீண்டும் கடன் கேட்கச் செல்லவிருக்கின்றார். ஐஸ் பெட்டி எத்தனை, விலை எவ்வளவு, திங்கள்தோறும் திருப்பித் தருவது எவ்வளவு என மூன்று வரியில் எழுதி, ஞாயிறு மாலைகளில் எம் வீட்டுத் திண்ணையில் நின்று உரக்கப் படித்துப் பழகுகின்றார். அவர்தம் தாயார் அதிகாரியாக அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்கின்றார். அவ்வம்மையாரின் கேள்விகள் பாங்கு அதிகாரியின் கேள்விகளிலும் கடியவை. ஏனைய குப்பத்து இளைஞர்களும் மகளிரும் வருவாராயின் திண்ணையில் இடமுண்டு.